உங்களுக்கு எந்தக் கலர் எடுக்கும்? பணம் கொடுத்துக் கேக்குறதுக்கு முன்னாடி பீரோவைத் திறங்க!



முதல்ல ஒரு சின்ன வேலை. எழுந்து போய் உங்க பீரோவைத் திறங்க. ஹாஸ்டல்ல இருந்தா பெட்டியைத் திறங்க. கடந்த ஆறு மாசத்துல ரெண்டு தடவைக்கு மேல போடாத துணி எத்தனைன்னு எண்ணுங்க. ஒவ்வொண்ணுக்கும் என்ன விலை கொடுத்தீங்கன்னு தோராயமா ஒரு பேப்பர்ல எழுதிக் கூட்டுங்க.

நான் இதைச் செஞ்சப்போ வந்த தொகை 21,400 ரூபாய். அப்போ என் கைக்கு வந்துட்டிருந்த சம்பளம் 26,000. கிட்டத்தட்ட ஒரு மாச உழைப்பு ஹேங்கர்ல தொங்கிட்டு இருந்துச்சு.

அதுல சைஸ் பத்தாம ஒதுக்கினது ரெண்டு மூணுதான். மத்ததெல்லாம் "போட்டா என்னமோ மாதிரி இருக்கு"ன்னு ஒதுக்கினது. அந்த "என்னமோ மாதிரி"க்குப் பின்னாடி பெரும்பாலும் இருக்கிறது கலர்.

வழக்கமா இந்த மாதிரி விஷயத்தை நம்ம சேனல்ல வீடியோவாத்தான் போடுவேன். இதை மட்டும் எழுத்துல கொடுக்கிறேன். ஏன்னா, என் கையில இருக்கிற துணியோட கலரும் உங்க போன் ஸ்க்ரீன்ல தெரியிற கலரும் ஒண்ணா இருக்காது. வீடியோ பார்த்து நீங்க முடிவு எடுத்தா, நான் செஞ்ச அதே தப்பைத்தான் நீங்களும் செய்வீங்க. அது என்ன தப்புன்னு முதல்ல சொல்லிடுறேன்.

நான் விட்ட 13,200 ரூபாய்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. சென்னையில வேலை. அப்ரைசல் நேரம், அதோட ஒரு பெரிய கிளையன்ட் மீட்டிங். நல்லா டிரெஸ் பண்ணிட்டுப் போகணுமேன்னு ஒரு பதட்டம். அந்த நேரம் பார்த்து ஒரு விளம்பரம் கண்ணுல பட்டுச்சு. உங்க முகத்துக்கு ஏத்த "சீசன்" எதுன்னு கண்டுபிடிச்சுத் தருவாங்களாம். ஆன்லைன் செஷன், 4,500 ரூபாய்.

மூணு போட்டோ அனுப்பச் சொன்னாங்க. ரூம் டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ரெண்டு நாள்ல பிடிஎஃப் வந்துச்சு. நான் "சாஃப்ட் சம்மர்" வகையாம். வெளிர் சாம்பல், மங்கலான ரோஸ், லேவண்டர் போடணுமாம். லைட் கலர்தான் என் முகத்துக்கு வெளிச்சம் கொடுக்குமாம்.

அந்தக் கடைசி வரி எனக்குப் புதுசு இல்லை. "நீ கறுப்பா இருக்க, லைட் கலரா எடு"ன்னு சின்ன வயசுல இருந்து ஜவுளிக் கடையில, கல்யாண வீட்டுல, எல்லா இடத்துலயும் கேட்டதுதான். அதையே ஒருத்தர் பிடிஎஃப்ல எழுதிக் கொடுத்ததும் நம்பிட்டேன். ஆறு சட்டை, 8,700 ரூபாய், கிரெடிட் கார்டுல மூணு மாச இஎம்ஐ.

அந்த ஆறு சட்டையையும் சேர்த்து மொத்தமா நான் போட்டது 11 தடவை. 4,500-ஐயும் 8,700-ஐயும் கூட்டினா 13,200. அதை 11-ஆல வகுத்தா, ஒரு தடவை போடுறதுக்கு 1,200 ரூபாய்! வாடகைக்கு கோட்டு சூட்டு எடுத்திருந்தாக்கூட இதைவிடக் குறைவா முடிஞ்சிருக்கும்.

போடி சித்தியோட அரை மணி நேரம்

எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர் பக்கம். அந்த வருஷம் பொங்கலுக்குப் போனப்போ போடிநாயக்கனூர்ல இருக்கிற சித்தி வீட்டுல ஒரு நாள் தங்கினேன்.

போடி தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். மேற்குத் தொடர்ச்சி மலையோட அடிவாரத்துல இருக்கிற ஊர். மேல இடுக்கித் தோட்டங்கள்ல விளையிற ஏலக்காய் வந்து இறங்குற இடம். ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏலம் கேரளாவுல புற்றடியிலயும் இங்க போடியிலயும் நடக்குது. சித்தி இருபது வருஷமா ஒரு குடோன்ல ஏலக்காய் தரம் பிரிக்கிறாங்க. ஏலக்காயோட விலையில பருமனுக்கும் நிறத்துக்கும் பெரிய பங்கு உண்டு. பருமனைச் சல்லடை பார்த்துக்கும்; 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர்னு அதுவே பிரிச்சிடும். நிறத்தைப் பிரிக்கிறதுக்கு மெஷின் வந்தாச்சு. ஆனாலும் கண்ணால பார்த்துக் கையால பொறுக்குற வேலை இன்னும் இருக்கு. வெளுத்தது, வெடிச்சது, சொறி விழுந்தது எல்லாத்தையும் ஒதுக்கி, நல்ல பச்சையைத் தனியா எடுக்கணும்.

என் பையில இருந்த துணியை மடிச்சு வச்சுட்டு இருந்த சித்தி, லேவண்டர் சட்டையை விரிச்சுப் பார்த்தாங்க.

"ஏய்யா, இதை எங்கிட்டு நின்னு பாத்து வாங்குன?"

"ஆன்லைன்ல சித்தி. எக்ஸ்பர்ட் ஒருத்தங்க சொன்னாங்க."

"அவுக உன்னைய நேர்ல பாத்தாகளா?"

எனக்குப் பதில் வரலை.

மறுநாள் காலையில எட்டு மணிக்கு வாசத் திண்ணையில என்னை உட்கார வச்சாங்க. கையில ஒரு கண்ணாடியைக் கொடுத்தாங்க. வீட்டுல இருந்த சேலை, துண்டு, ஜாக்கெட் துணின்னு ஒரு இருபது உருப்படியைக் கொண்டு வந்து, ரெண்டு ரெண்டா என் தோள்ல மாத்தி மாத்திப் போட்டாங்க. ரெண்டுல எது நல்லா இருக்கோ அது தங்கும், இன்னொண்ணு போயிடும். அடுத்தது வரும்.

"ஒத்தையாப் பாத்தா எல்லாக் காயும் பச்சைதான்யா. நல்ல காயைப் பக்கத்துல வச்சாத்தான் வெளுத்த காய் தெரியும்."

கடைசி வரைக்கும் தங்கினது பன்னீர் திராட்சை நிறத்துல இருந்த ஒரு பழைய சேலை. கண்ணாடியில பார்த்தேன். நான் வெள்ளையா ஆகிடலை. ஆனா கண்ணு, புருவம், தாடையோட ஓரம் எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது. உடனே லேவண்டர் சட்டையைப் போட்டுக் காட்டினாங்க. முகத்துல சாம்பல் தடவின மாதிரி ஆயிடுச்சு. ஒரே ஆள், ஒரே வெளிச்சம், ஒரு நிமிஷ இடைவெளி.

அரை மணி நேரம் ஆச்சு. செலவு, நடுவுல குடிச்ச ஒரு காப்பி.

இந்த "சீசன்" எங்கிருந்து வந்துச்சு?

சித்தி செஞ்சதுக்கு ஒரு பின்னணி இருக்கு. 1824-ல பாரிஸ்ல இருந்த கோப்லான் நெசவுக்கூடத்துல சாயப் பிரிவுக்குத் தலைவரா வந்தவர் ஷெவ்ரல்ங்கிற வேதியியலாளர். கறுப்பு நூல் சரியா இல்லை, மங்கலா இருக்குன்னு அங்க ஒரு புகார். அவர் ஆராய்ஞ்சு பார்த்தா, சாயத்துல குறை இல்லை. பக்கத்துல எந்த நிற நூல் இருக்கோ, அது கறுப்பை மாத்திக் காட்டுது. ஒரு நிறம் தன் பக்கத்துல இருக்கிற நிறத்தை நம்ம கண்ணுக்கு மாத்திக் காட்டும்னு 1839-ல புத்தகமாவே எழுதினார். நீங்க போடுற சட்டை உங்க முகத்துக்குப் பக்கத்துல இருக்கிற நூல். அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் ஜெர்மனியில பௌஹவுஸ் கலைப்பள்ளியில 1919 முதல் 1923 வரைக்கும் சொல்லிக்கொடுத்த ஜோஹன்னஸ் இட்டன், ஒவ்வொரு மாணவரும் தனக்குன்னு சில நிறங்களை நோக்கிப் போறாங்கன்னு கவனிச்சார். நிறங்களை நாலு பருவமாப் பிரிச்சுப் பேசினவர்களும் அவர் முக்கியமானவர். 1980-ல அமெரிக்காவுல கரோல் ஜாக்சன் எழுதின "கலர் மீ பியூட்டிஃபுல்" புத்தகம்தான் இதை வீட்டுக்கு வீடு கொண்டு போச்சு. ஸ்ப்ரிங், சம்மர், ஆட்டம், வின்டர்னு நாலு பெட்டி. பின்னாடி வந்தவங்க அதைப் பன்னெண்டாப் பிரிச்சாங்க. சமீப வருஷங்கள்ல கொரியாவுல இது பெரிய தொழிலாகி, ரீல்ஸ் வழியா நம்ம போனுக்கும் வந்துடுச்சு.

ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. இது ரத்தப் பரிசோதனை மாதிரி கிடையாது. ஒரே ஆளுக்கு ரெண்டு பேர் ரெண்டு சீசன் சொல்றது நடக்கும். அதனால "நான் எந்த சீசன்"ங்கிற பேருக்குப் பணம் கொடுக்காதீங்க. நிறத்தைப் பிரிச்சுப் பார்க்கிற கண்ணு கிடைச்சா அது உங்களோடவே இருக்கும். அதைக் கத்துக்கலாம்.

மூணே மூணு கேள்வி

அமெரிக்க ஓவியரும் ஆசிரியருமான ஆல்பர்ட் மன்செல், எந்த நிறத்தையும் மூணு அளவுல சொல்லிடலாம்னு 1905-ல எழுதின புத்தகத்துல காட்டினார். எந்த வகை நிறம், எவ்வளவு வெளிர், எவ்வளவு தெளிவு. கலர் அனாலிசிஸ் செய்றவங்க அதுல முதல் கேள்வியை "சூடா, குளிர்ச்சியா"ன்னு மாத்திக்கிறாங்க. இந்த மூணையும் கம்பம் பள்ளத்தாக்குல ஒரு சுத்து சுத்தினாலே கத்துக்கலாம்.

முதல் கேள்வி: சூடா, குளிர்ச்சியா?
மஞ்சள் பக்கம் சாஞ்சா சூடு, நீலம் பக்கம் சாஞ்சா குளிர்ச்சி. சிவப்புன்னு மொத்தமாச் சொல்லிட்டுப் போகாதீங்க. தக்காளி சிவப்பு சூடு. பீட்ரூட் சிவப்பு குளிர்ச்சி. பச்சையிலயும் அப்படித்தான். முல்லைப் பெரியாறு தண்ணியில கம்பம் பக்கம் நாற்று வளர்ந்து நிக்கிறப்போ பாருங்க, அந்த இளம் பச்சையில மஞ்சள் தூக்கலா இருக்கும். அது சூடு. பட்டுச் சேலையில ராமர் பச்சைன்னு சொல்றோமே, அதுல நீலம் ஒளிஞ்சிருக்கும். அது குளிர்ச்சி.

ரெண்டாவது கேள்வி: வெளிரா, அடர்வா?
இது சுலபம். கண்ணைப் பாதி மூடிக்கிட்டுப் பாருங்க. ரெண்டு துணியில எது கறுப்பு மாதிரித் தெரியுதோ அது அடர்வு. இன்னொண்ணு வெளிர்.

மூணாவது கேள்வி: தெளிவா, மங்கலா?
இதுலதான் எல்லாரும் தடுமாறுவாங்க. நான் தடுமாறினதும் இங்கதான். இதுக்கு ஒரு பன்னீர் திராட்சை போதும். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம கம்பம் பன்னீர் திராட்சையேதான். கொடியில இருந்து பறிச்ச பழத்து மேல சாம்பல் பூத்த மாதிரி ஒரு மெழுகுப் படலம் இருக்கும். பாதிப் பழத்தை மட்டும் விரலால துடைங்க. துடைக்காத பாதி மங்கல், துடைச்ச பாதி தெளிவு. பழம் ஒண்ணுதான், ஊதாவும் ஒண்ணுதான். ஆனா ரெண்டு கலர்!

எனக்கு அந்த பிடிஎஃப் கொடுத்தது துடைக்காத பாதி. சித்தி காட்டினது துடைச்ச பாதி.

நாலு சொளகுல போடுங்க

மூணு கேள்விக்கும் விடை தெரிஞ்சா நிறத்தை நாலு சொளகுல பிரிச்சுடலாம். பேரைப் பார்த்துக் குழம்பாதீங்க. இது குளிர் நாட்டுல வச்ச பேர். "சம்மர்"னா நம்ம ஊரு அக்னி நட்சத்திரம் இல்லை, அந்த ஊரோட மங்கலான கோடை வெளிச்சம். "ஆட்டம்"னா விளையாட்டு இல்லை, இலையுதிர் காலம்.

ஸ்ப்ரிங் – சூடு, பெரும்பாலும் வெளிர், தெளிவு: கனகாம்பரம், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், நாற்றுப் பச்சை.

சம்மர் – குளிர்ச்சி, பெரும்பாலும் வெளிர், மங்கல்: எள்ளுப்பூ, புறாச் சாம்பல், துடைக்காத திராட்சை, தூரத்துல இருந்து பார்க்கிறப்போ தெரியிற மேகமலையோட சாம்பல் நீலம்.

ஆட்டம் – சூடு, பெரும்பாலும் அடர்வு, மங்கல்: கடுகு மஞ்சள், செங்கல், பாசிப்பச்சை, காப்பிக்கொட்டை, பழுத்த புளி.

வின்டர் – குளிர்ச்சி, அடர்வு அல்லது பளீர், தெளிவு: வாடாமல்லி, ராமர் பச்சை, துடைச்ச திராட்சை, கறுப்பு, சலவை வேட்டியோட வெள்ளை.

கவனிச்சீங்களா? நம்ம ஜவுளிக் கடைப் பேர்கள்லயே பாதிப் பாடம் இருக்கு. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சைன்னு பச்சையை மட்டுமே மூணு சொளகுக்குப் பிரிச்சு வச்சிருக்கோம். மதுரையில பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பேர்ல "எம்.எஸ். ப்ளூ"ன்னே ஒரு நீலத்தைக் காஞ்சிப் பட்டுல கேட்டு வாங்குறாங்க. ஒருத்தருக்கு ஒரு நிறம் எடுக்கும்ங்கிறது நமக்கு கொரியாவுல இருந்து வந்த சமாச்சாரம் இல்லை.

ஆனா பேரை மட்டும் நம்பவும் கூடாது. அரக்குன்னு சொல்லிக் கடையில நாலு சேலை காட்டுவாங்க. பழுப்புப் பக்கம் சாஞ்சது ஆட்டம் சொளகு, ஊதாப் பக்கம் சாஞ்சது வின்டர் சொளகு. பேர் ஒண்ணு, இடம் வேற.

பயிற்சி: செலவு இல்லாம நாலு ஞாயித்துக்கிழமை

முதல் வாரம்: தெரிஞ்ச டெய்லர்கிட்ட வெட்டுத்துணி கேளுங்க. சும்மாவே கொடுப்பாங்க. வெவ்வேற நிறத்துல ஒரு நாற்பது துண்டு போதும். சூடு ஒரு பக்கம், குளிர்ச்சி ஒரு பக்கம்னு மட்டும் பிரிங்க. சந்தேகமானதை நடுவுல வைங்க.

ரெண்டாவது வாரம்: ஒவ்வொரு குவியலையும் தெளிவு, மங்கல்னு பிரிங்க. இப்போ நாலு குவியல் கிடைக்கும். நடுவுல வச்ச துண்டுகளை ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்துல கொண்டு போங்க. எங்க வச்சா உறுத்தாம ஒட்டிக்குதோ, அதுதான் அதோட வீடு.

மூணாவது வாரம்: எல்லாத்தையும் கலைச்சுட்டு மறுபடி பிரிங்க. போன வாரம் எடுத்த போட்டோவோட ஒப்பிடுங்க. இடம் மாறின துண்டுகளை மட்டும் திரும்பப் பாருங்க. உங்க கண்ணு எங்க ஏமாறுதுன்னு அதுல தெரியும்.

நாலாவது வாரம்: இப்போதான் முகம். காலை வெளிச்சம், நேர் வெயில் வேண்டாம். வாசல் பக்கம் உட்காருங்க. பவுடர், மேக்கப் எதுவும் இல்லாம. கூட ஒருத்தர் இருந்தா நல்லது.

முதல்ல சலவை வெள்ளை வேட்டி, அப்புறம் பழுப்பேறின காடாத் துணி. ரெண்டையும் கழுத்துக்குக் கீழ மாத்தி மாத்தி வைங்க. அடுத்து தக்காளி சிவப்பும் பீட்ரூட் சிவப்பும். அடுத்து அதே நிறத்துல தெளிவும் மங்கலும். கடைசியா வெளிரும் அடர்வும்.

எதைப் பார்க்கணும்? இதுதான் முக்கியம். "எதுல நான் சிவப்பாத் தெரியிறேன்?"னு பார்க்காதீங்க. இந்த நாலை மட்டும் பாருங்க:

1. கண்ணுக்குக் கீழ இருக்கிற நிழல் கூடுதா, குறையுதா?
2. தாடையோட ஓரம் தெளிவா நிக்குதா, கலங்குதா?
3. முகம் முழுக்க ஒரே சீரா இருக்கா, திட்டுத் திட்டாத் தெரியுதா?
4. பார்க்கிறவங்க கண்ணு முதல்ல உங்க முகத்துக்குப் போகுதா, துணிக்குப் போகுதா?

துணிக்குப் போச்சுன்னா, துணி உங்களைப் போட்டிருக்குன்னு அர்த்தம்!

சித்தியோட நாலு சட்டம்

வெளிச்சம். மேட்சிங் சென்டருக்கு அம்மா கூடப் போயிருக்கீங்களா? ஜாக்கெட் பிட்டையும் சேலையையும் தூக்கிட்டு வாசலுக்கு வந்துடுவாங்க. அதுக்குக் காரணம் இருக்கு. கடை விளக்குல ஒண்ணாத் தெரியிற ரெண்டு துணி, வெயில்ல வேற வேறயாத் தெரியலாம். இதுக்கு மெட்டாமெரிசம்னு பேர். அம்மாவுக்கு அந்தப் பேர் தெரியாது, விஷயம் தெரியும்.

ஜோடி. எப்பவும் ரெண்டு ரெண்டா ஒப்பிடுங்க. தனியா ஒரு துணியைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்றதுலதான் காசு போகுது.

மாதிரி. தரம் பிரிக்கிற மேசை ஓரத்துல சித்தி ஒரு கைப்பிடி நல்ல காயைத் தனியா வச்சிருப்பாங்களாம். சந்தேகம் வந்தா அதைப் பார்ப்பாங்க. உங்களுக்கு நல்லா எடுக்கிற ஒரு துணியோட சின்னத் துண்டு பர்ஸ்ல இருக்கட்டும். கடையில அதுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஓய்வு. "அரை மணிக்கு ஒருக்கா தலையைத் தூக்கி வெளிய பாத்துக்கணும்யா. இல்லாட்டி கண்ணு பழகிப்போயி, வெளுத்ததும் நல்லதாத் தெரியும்"னாங்க. ஒரே நிறத்தைத் தொடர்ந்து பார்த்தா கண்ணு அதுக்குப் பழகிடும், உண்மைதான். ராத்திரி பதினொரு மணிக்கு, ரெண்டு மணி நேரமா ஷாப்பிங் ஆப்பைத் தள்ளிட்டே இருந்துட்டு ஆர்டர் போடாதீங்கன்னு நான் சொல்றது இதனாலயும்தான்.

போட்டோ அனுப்பி முடிவு கேக்குறது ஏன் சரிவராதுன்னும் இப்போ புரியும். போன் கேமரா வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி நிறத்தைத் தானாவே மாத்திக்கும். அதுல சூடு குளிர்ச்சியைக் கண்டுபிடிக்கிறது, புகை மூட்டத்துல ஏலக்காய் பிரிக்கிற மாதிரி.

நம்ம தோலுக்கு இந்த முறை எங்க இடிக்குது?

ஆரம்பகாலப் புத்தகங்கள் வெள்ளைத் தோலை மனசுல வச்சு எழுதினது. ஆசியா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவங்கள்ல பெரும்பாலானவங்களை மொத்தமா "வின்டர்"ல தள்ளிட்டாங்க. கோடிக்கணக்கான பேர் எப்படி ஒரே சொளகுல அடங்குவாங்க? மாநிறத்துலயே மஞ்சள் சாயல் இருக்கு, செம்பு சாயல் இருக்கு, நீலம் சாயல் இருக்கு. நம்ம வீட்டுலயே அக்காவுக்குக் கடுகு மஞ்சள் எடுக்கும், தங்கச்சிக்கு எடுக்காது. அதே மாதிரி, மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமான்னு பார்க்கிற சோதனையும் அடர்ந்த தோல்ல சரியாத் தெரியாது. அதை விட்டுடுங்க, துணி வச்சுப் பார்க்கிறதுதான் நல்லது.

இன்னொரு பக்கம் நம்ம ஊரு வியாதி. "ஃபேர் அண்ட் லவ்லி"ங்கிற பேரையே 2020-ல "குளோ அண்ட் லவ்லி"ன்னு மாத்திட்டாங்க. நம்ம வாய்தான் இன்னும் மாறலை. கறுப்பா இருந்தா கறுப்புச் சட்டை போடாதே, வாடாமல்லி போடாதே, லைட்டா எடு. இந்தப் பேச்சைக் கேட்டு வாங்கின துணி எத்தனைன்னு அந்தப் பேப்பர்ல ஒரு டிக் போடுங்க. நான் போட்டப்போ 21,400-ல பாதிக்கு மேல அதுதான். என் தோலை மறைக்கிறதுக்காக நான் செலவழிச்ச பணம் அது.

யாராவது கலர் அனாலிசிஸ் செஞ்சு "இதுல நீங்க வெள்ளையாத் தெரியிறீங்க பாருங்க"ன்னு சொன்னா, அங்கயே எழுந்து வந்துடுங்க. தெளிவாத் தெரியிறதும் வெள்ளையாத் தெரியிறதும் ஒண்ணு இல்லை.

இப்போ காசு கணக்கு

ஒரு தடவைக்கு என்ன விலை? துணியோட விலையை, அதைப் போட்ட தடவையால வகுங்க. திண்ணையில உட்கார்ந்து எழுந்த அந்த வாரமே தேனியில 950 ரூபாய்க்கு ஒரு திராட்சை நிறச் சட்டை எடுத்தேன். இதுவரைக்கும் 40 தடவை போட்டாச்சு. தடவைக்கு 24 ரூபாய். அந்த 1,200 ரூபாயோட ஒப்பிட்டுப் பாருங்க.

மூணு நிற விதி. பேன்ட்டுக்கு ஒரு அடர் நிறம், சட்டைக்கோ குர்த்திக்கோ ரெண்டு நிறம். மூணும் ஒரே சொளகுல இருந்தா எதையும் எதோடயும் போடலாம். நாலு சட்டை, ரெண்டு பேன்ட் இருந்தா எட்டு ஜோடி. ஆபீஸுக்கு அது தாராளம்.

இருக்கிறதைத் தூக்கிப் போடாதீங்க. கலர் முகத்துக்குப் பக்கத்துல இருந்தாத்தான் வேலை செய்யும். உங்களுக்கு எடுக்காத நிறம் பேன்ட்டாவோ பாவாடையாவோ இருந்தா ஒண்ணும் ஆகாது. எடுக்காத சட்டைக்கு மேல எடுக்கிற நிறத்துல துப்பட்டாவோ ஜாக்கெட்டோ போட்டாலும் சமாளிக்கலாம். "என் சீசன் தெரிஞ்சுடுச்சு"ன்னு பீரோவையே மாத்துறதுதான் இருக்கிறதுலயே பெரிய செலவு.

வாங்குற நேரம். உங்க நிறம் எதுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் தள்ளுபடி லாபம். தெரியாதவங்களுக்கு அது இன்னொரு பொறி. எந்த நிறம் வேணும்னு எழுதி வச்சுக்கிட்டு, தீபாவளி நேரத்துல கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியில எடுங்க. நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரத்துல நெய்யிற பருத்திச் சேலைகளும் இருக்கு.

மிச்சம் எங்க போகணும்? மாசம் 1,000 ரூபாய் துணியில மிச்சமாச்சுன்னு வைங்க. அன்னைக்கே ஆர்டிக்கு ஆட்டோ டெபிட் போட்டுடுங்க. அஞ்சு வருஷத்துல நீங்க போட்டது மட்டுமே 60,000 ரூபாய், வட்டி தனி. ஆட்டோ டெபிட் போடலைன்னா அந்த ஆயிரம் செருப்பாவோ பிரியாணியாவோ மாறிடும், அனுபவத்துல சொல்றேன்.

காசு கொடுத்துப் பார்க்கவே கூடாதா? நான் அப்படிச் சொல்லலை. மூணு மாசச் செலவுக்கு அவசர நிதி இருந்து, கிரெடிட் கார்டு பாக்கி இல்லாம இருந்தா, ஆசைக்கு ஒரு தடவை பார்க்கலாம். ஆனா நேர்ல, பகல் வெளிச்சத்துல, துணி வச்சுப் பார்க்கிறவங்களா இருக்கணும். இதையே சைடு இன்கமாச் செய்யலாம்னு சர்டிபிகேட் கோர்ஸ் விக்கிறவங்களும் இருக்காங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: மாநிறத்துலயும் கறுப்பு நிறத்துலயும் எத்தனை பேருக்கு நேர்ல வச்சுப் பார்க்கப் பயிற்சி தருவீங்க? துணி கிட்டுக்குத் தனிக் காசா? பாதியில பிடிக்கலைன்னா பணம் திரும்ப வருமா? மழுப்பினா, நாற்பது வெட்டுத்துணியே போதும்.

இந்தப் பொங்கலுக்கும் போடி போயிருந்தேன். சித்திக்கு ஒரு சேலை எடுத்துட்டுப் போனேன், பாசிப்பச்சை. கையில வாங்கினதும் அவங்க பிரிச்சுக்கூடப் பார்க்கலை. நேரா வாசலுக்குத்தான் எடுத்துட்டுப் போனாங்க. தோள்ல போட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "பரவால்லைய்யா, கண்ணு வந்துருச்சு"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணி. ஒரு கண்ணாடி, ரெண்டு துணி, ஒரு வாசல். ஆரம்பிங்க. பேப்பர்ல எழுதின அந்தத் தொகையை மட்டும் கிழிச்சுப் போட்டுடாதீங்க. அடுத்த வருஷம் இதே நாள்ல மறுபடி கூட்டிப் பார்ப்போம்.